எம்எஸ்ல (மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ்ங்கிற நரம்பு வருத்தத்துல) கால் மரத்துப் போனா என்ன செய்றது, மலைநாட்டுல இருக்கவங்களுக்கு

நுவரெலியா பக்கம் தை மாசம் யாருக்குத்தான் கால் மரக்கல, அதனால எனக்கு மொத தடவ வந்தப்போ வீட்டுல குளிருக்குத்தான்னு சொல்லி அடுப்புகிட்ட உக்கார வச்சாங்க. குளிர்ல மரத்தது சூடு பட்டா விட்டுரும், இது விடல, இடுப்பு வரைக்கும் ஏறி நாலு நாள் அப்படியே நின்னுச்சு. பெறகு எம்ஆர்ஐ எடுத்துத்தான் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ்னு தெரிஞ்சுச்சு.

கோளாறு கால்ல இல்லங்க. மூளையிலயும் முதுகுத்தண்டுலயும் இருக்க நரம்ப மூடியிருக்க மயலின் உறைய நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே அரிக்குது, அதனால கால் அனுப்புற சேதி மேல ஒழுங்கா போய் சேரல. தைலம் போட்டு உருவுனா சொகமா இருக்கும், ஆனா மரப்பு அதுல போகாது. நெறைய பேருக்கு சில வாரத்துல தானா கொறையும், எனக்கும் அப்படித்தான், ஆனா பாதத்துல மட்டும் கொஞ்சம் தங்கிருச்சு.

ரொம்ப கவனமா இருக்க வேண்டியது சூட்டுலதான். நான் குளிக்கிற தண்ணிய மரத்த கால விட்டுப் பாத்து பதமா இருக்குன்னு நெனச்சு ஊத்திட்டேன், ராத்திரி பாத்தா பாதமெல்லாம் கொப்புளம். வாளில மொதல்ல பச்சத் தண்ணி, அதுக்கு மேல சுடுதண்ணி, முழங்கைய விட்டுப் பாருங்க, கையும் மரத்திருந்தா வீட்டுல வேற ஒருத்தர தொட்டுப் பாக்க சொல்லுங்க. சுடுதண்ணி போத்தல கால்ல வைக்கவே வேணாம். ஒடம்பு சூடானா, காய்ச்சல் வந்தாலும், மரப்பு கூடும், சூடு தணிஞ்சா கொறையும், அதுக்கு பயப்பட வேணாம்.

மழைல அட்டை கடிச்சாலும் தெரியாது, செருப்பு கழண்டு போனாலும் தெரியாது, அதனால பின்னால வார் இருக்க செருப்பு இல்லாட்டி சப்பாத்து போடுங்க, தெனமும் ராத்திரி கண்ணாடிய வச்சு உள்ளங்கால பாருங்க. இருட்டுல படி எறங்கும்போது டோர்ச் கட்டாயம், கால் எங்க இருக்குன்னு கண்ணுதான் சொல்லணும்.

புதுசா ஒரு எடத்துல மரத்து 24 மணித்தியாலத்துக்கு மேல நின்னா, காய்ச்சல் கிருமி ஒன்னும் இல்லாட்டி, அது புது தாக்கமா இருக்கலாம், கிளினிக்குக்கு சொல்லுங்க, தேவன்னா மூனுலருந்து அஞ்சு நாள் ஸ்டீரொய்ட் ஏத்துவாங்க. திடீர்னு ஒரு பக்கம் மரத்து வாய் கோணுனா, பேச்சு கொழறுனா எம்எஸ்தான்னு இருந்துராதீங்க, ஸ்ட்ரோக்கா இருக்கலாம், ஒடனே 1990 அம்புலன்ஸுக்கு கோல் எடுங்க. தொடைக்கு நடுவுல மரத்து மூத்திரம் போக முடியாட்டியும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பி12 கொறஞ்சாலும் சீனி வருத்தத்துலயும் கால் மரக்கும், அதையும் டெஸ்ட் பண்ண சொல்லி கேளுங்க.

மரப்புக்குன்னு தனி மருந்து இல்ல, எரிச்சலும் ஊசி குத்துற மாதிரியும் இருந்தா காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி டொக்டர் எழுதுவாரு, பக்கத்து வீட்டு குளிசைய வாங்கிப் போடாதீங்க.

இன்னொன்னு, கிளினிக்ல போய் "கால் வேல செய்யல"ன்னு மட்டும் சொல்லாதீங்க, பெலன் இல்லையா உணர்ச்சி இல்லையான்னு பிரிச்சு சொல்லணும். டொக்டருக்கு தமிழ் தெரியாட்டி மரப்புக்கு சிங்களத்துல "ஹிரி வெட்டெனவா"ன்னு சொல்லி, எந்த எடம், என்னைக்கு தொடங்குனதுன்னு கொப்பில எழுதி வச்சத காட்டுங்க.