எக்செல்லில் காலிக் கட்டங்களை மேலே உள்ள பெயரால் நிரப்ப

மாவட்டப் பெயர் ஒருமுறை மட்டும் இருக்கும், கீழே 20 வரிசை காலியாகக் கிடக்கும். இப்படிப்பட்ட பட்டியலை ஃபில்டர் செய்தால் முதல் வரிசை மட்டுமே வரும். ஒவ்வொன்றாக காப்பி பேஸ்ட் செய்ய வேண்டாம்.

மாவட்டப் பெயர்கள் ஏ காலத்தில் (column) இருந்தால், ஏ2 முதல் பட்டியலின் கடைசி வரிசை வரை செலக்ட் செய்யுங்கள். எஃப்5 அழுத்தி, ஸ்பெஷல், பிளாங்க்ஸ், ஓகே. காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். இப்போது மவுஸைத் தொடாதீர்கள், வேறெங்காவது கிளிக் செய்தால் தேர்வு போய்விடும். சமக்குறி தட்டி, மேல் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தி, கன்ட்ரோல் + என்டர் கொடுங்கள். வெறும் என்டர் ஒரே கட்டத்தைத்தான் நிரப்பும்.

நிரம்பியவை ஃபார்முலாக்கள். அப்படியே விட்டு பட்டியலை வரிசைப்படுத்தினால் (sort) பெயர்கள் தாறுமாறாக மாறிவிடும். அதனால் அதே பகுதியை மறுபடி செலக்ட் செய்து, காப்பி எடுத்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷல் போய் வேல்யூஸ் என்று ஒட்டுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

பெயருக்குப் பதில் =ஏ2 என்ற எழுத்தே தெரிந்தால், அந்தக் கட்டங்கள் டெக்ஸ்ட் ஃபார்மட்டில் இருக்கின்றன. கன்ட்ரோல் + இசட் கொடுத்து, ஜெனரலுக்கு மாற்றி மறுபடி செய்யுங்கள். சில கட்டங்கள் நிரம்பவில்லையா? உள்ளே ஸ்பேஸ் ஒளிந்திருக்கும்.