கூத்துக் களத்திலிருந்து கேமராவுக்கு: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குணச்சித்திர நடிகருக்கு

குணச்சித்திர வேடம் என்றால் பெரும்பாலும் நாலு காட்சி, பத்து வரி வசனம். மீதி நேரமெல்லாம் அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. கேட்பதைக் கேமராவில் தெரியும்படி கேட்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள இந்தப் பக்கத்துக்காரர்கள் சென்னை வரை போக வேண்டியதில்லை, தெருக்கூத்தே போதும்.

திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் கோடையில் பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, முடிவில் படுகளம் (துரியோதனன் வீழும் கடைசிப் போர்க்காட்சி). ஒரு குழுவின் வாத்தியாரைப் பார்த்து, முதலில் பின்பாட்டுக்கு (பின்னால் நின்று கூடப் பாடுவதற்கு) நில்லுங்கள். தாளம் பிடிபட்ட பிறகு வேடம் கேட்கலாம். எல்லோரும் துரியோதனனைக் கேட்பார்கள். நீங்கள் கூத்தின் கோமாளியான கட்டியக்காரனைக் கேளுங்கள். ராஜா எந்த வரியை எப்படி இழுத்தாலும் அதைப் பிடித்துத் திருப்பிப் போடுகிறவன் அவன். ஒரு வரியைக் காதில் வாங்காமல் விட்டால் அவன் சிரிப்பு அங்கேயே செத்துவிடும். இரண்டு பருவம் இதைச் செய்தவருக்கு எதிர் நடிகர் பேசும்போது முகத்தை என்ன செய்வது என்ற குழப்பம் வராது.

ஆனால் கூத்தின் குரலை அப்படியே கேமரா முன் கொண்டுபோனால் முதல் டேக்கிலேயே 'கத்தாதீங்க' என்பார்கள். அதைக் கேட்டுச் சத்தத்தைக் குறைத்தால் அடுத்த கோளாறு வரும்: வரியின் கடைசிச் சொல் விழுங்கப்படும். உரக்கப் பேசும்போது மூச்சு கடைசிவரை தானாகத் தள்ளும். மெதுவாகப் பேசும்போது பாதியில் தளரும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் அர்த்தமே போய்விடும். 'அவன் நேத்தே பணத்தை…' என்று நின்றால் கொடுத்தானா, எடுத்தானா?

இதற்கு ஒரு பயிற்சி. கோபமான ஆறு வரி வசனம் எடுத்து ஒவ்வொரு வரியின் வினைச்சொல்லுக்கும் அடிக்கோடு போடுங்கள். 50 அடி, 10 அடி, 2 அடி தூரத்தில் இருப்பவரிடம் பேசுவதாக மூன்று முறை சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். மூன்றிலும் கோபம் ஒரே அளவு இருக்க வேண்டும், சத்தம் மட்டும் மாற வேண்டும். தினமும் 20 நிமிடம், ஒரு மாதம். புருவத்துக்கும் தலையாட்டலுக்கும் இதே கணக்குதான்: நெற்றி முதல் தாடை வரை ஃபிரேம் வைத்து, தலை வெளியே போகாமல் பேசிப் பாருங்கள்.

முறையான பயிற்சி வேண்டுமென்றால் வழிகள் உண்டு. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையிலிருந்துதான் பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலையில் இருந்து நடிகர்களைப் பக்கத்தில் பார்த்துக் கற்றவர். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் கன்னடம் சரளமாகப் பேசுபவர்களுக்குக் கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்து நாடகப் பள்ளியான நீநாசம் நல்ல இடம்.

வேடத்துக்கான சரக்கு சந்தையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து ஒரு மணி நேரம் பாருங்கள். பணத்தை எங்கே வைக்கிறார், எண்ணும்போது உதடு அசைகிறதா, விலை படியாதபோது கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எழுதுங்கள். நடையையும் குரலையும் மட்டும் பிடித்தால் அது மிமிக்ரியாகத்தான் முடியும். கைவேலையைப் பிடித்தால் ஆளே கிடைப்பார்.

ஆடிஷன் வீடியோவுக்குப் போனைக் குறுக்காக, கண் உயரத்தில் வையுங்கள். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கும் ஜன்னலிலிருந்து வர வேண்டும், பின்னால் வெற்றுச் சுவர், ஃபேன் நிறுத்தம். எதிர் வசனம் படிப்பவர் லென்ஸை ஒட்டி நிற்கட்டும். தள்ளி நின்றால் உங்கள் முகம் பாதிதான் தெரியும். பெயர், வயது, உயரம், ஊர், சரளமாகப் பேசும் மொழிகள், பிறகு ஒரு நிமிட நடிப்பு, போதும். தெலுங்கோ கன்னடமோ வீட்டுப் பேச்சாக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். முகம், அரை உடல், முழு உடல் என மூன்று படங்கள், ஃபில்டர் இல்லாமல். வாய்ப்புக்குப் பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்பில் புதியவர்கள் அதிகம் சறுக்குவது கன்டினியூட்டியில், அதாவது ஒவ்வொரு டேக்கிலும் அசைவு ஒன்றுபோல இருப்பதில். ஒரே காட்சியை வைடு, மிட், க்ளோஸப் என்று திரும்பத் திரும்ப எடுப்பார்கள். முதல் முறை 'தம்பி' என்ற சொல்லில் டீ கிளாஸைத் தூக்கி, அடுத்த முறை 'வா' என்ற சொல்லில் தூக்கினால் இரண்டும் வெட்டி ஒட்டாது. எடிட்டர் நாயகன் முகத்திலேயே நின்றுவிடுவார், உங்கள் க்ளோஸப் போய்விடும். அதனால் ஒரு காட்சிக்கு மூன்று செயலுக்கு மேல் வேண்டாம். எந்தக் கை, எந்தச் சொல் என்று வசனத் தாளின் ஓரத்தில் குறியுங்கள். உணவுக் காட்சியில் சின்ன வாயாகச் சாப்பிடுங்கள். பத்தாவது டேக்கிலும் அதே களியை விழுங்க வேண்டியிருக்கும்.

ஒப்புக்கொள்ளும் முன் இன்னொன்றைக் கேளுங்கள்: டப்பிங் உங்கள் குரல்தானா? படப்பிடிப்புக்குப் பல வாரம் கழித்து டப்பிங் வரும், அதற்குள் காட்சியின் மூச்சு மறந்திருக்கும். படப்பிடிப்பன்றே ஒவ்வொரு காட்சியிலும் உட்கார்ந்திருந்தீர்களா, நடந்தீர்களா, சுமை இருந்ததா என்று எழுதி வையுங்கள். சுமை தூக்கிப் பேசிய வரி என்றால் டப்பிங் அறையிலும் கையில் கனமான எதையாவது பிடித்துக்கொண்டு பேசுங்கள்.