கத்தி நாலு மீனில் மொட்டையாகிறதா? பிழை இரும்பிலா, சாணையிலா?

அறுக்குளா நாலு துண்டு போட்டதும் கத்தி வழுக்கத் தொடங்கினால் எல்லோரும் இரும்பைத்தான் திட்டுவார்கள். முதலில் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, மேலே திருப்பி பல்பு வெளிச்சத்தில் பாருங்கள். கூரான வாய் மின்னாது. வெள்ளைக் கோடு தெரியும் இடத்தில் கூர் போய்விட்டது. பிறகு கத்தியின் கன்னத்திலிருந்து (தட்டைப் பக்கம்) வாயைத் தாண்டி வெளியே நகத்தை மெல்ல வழுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தடக்கினால் வாய் மடிந்திருக்கிறது: இரும்பு மெது, அல்லது வாய் அளவுக்கு மிஞ்சி மெல்லிசு. பல்லுப் பல்லாக உடைந்திருந்தால் கடின இரும்பை எலும்பில் போட்டிருக்கிறீர்கள். நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் என்றால் உப்புத் தண்ணீர் வேலை.

லொறி வில்லுத் தகட்டில் அடித்த கத்தியில் கார்பன் 0.6 சதவீதம் அளவில் இருக்கும். நல்ல இரும்புதான். ஆனால் வில்லாக இருக்கும்போது அது வளைந்து நிமிர வேண்டும் என்பதால் ரொக்வெல் (இரும்பின் கடினத்தை அளக்கும் எண்) 45 அளவிலேயே விட்டிருப்பார்கள்; கத்திக்கு 56 முதல் 58 வேண்டும். காந்தம் ஒட்டாத அளவைச் சற்றுத் தாண்டிக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு 200 பாகை செல்சியஸில் மறுபடி சூடாக்கிப் பதம் இறக்கினால்தான் அது வரும். வெறுமனே வெட்டி, கிரைண்டரில் பிடித்துத் தந்த கத்தி மடியத்தான் செய்யும். பிடிக்குக் கிட்ட வாயில் புது அரத்தை உரசிப் பாருங்கள்: வழுக்கினால் கடினம், கடித்தால் மெது.

கடை ஸ்டெயின்லெஸில் 1.4116 வகை (கார்பன் 0.5, குரோமியம் 15 சதவீதம்) ரொக்வெல் 55–57இல் நிற்கும். அடிக்கடி தீட்டுக்கம்பி கேட்கும், ஆனால் கடற்கரைக்குப் பொருந்தும். விஜி-10 என்ற ஜப்பானிய ஸ்டெயின்லெஸ் சுமார் 60. சதையில் நீண்ட நேரம் உழைக்கும். பாரை மீன் தலையில் போட்டால் பல்லு விழும்.

திருகோணமலைச் சந்தையில் புளியங்குத்தியில் (புளியமரக் கட்டை) வெட்டும் கத்திகளுக்கு இரும்பைவிடப் பெரிய வில்லங்கம் வாய்க்குப் பின்னாலுள்ள தடிப்பு. வருடக்கணக்காக நுனியை மட்டும் தீட்டினால் வாய் தடித்த பகுதிக்கு ஏறிவிடும். கூர் இருந்தும் மீனில் இறுகும், அழுத்துவீர்கள், குத்தியில் மோதி அந்தக் கூரும் போகும். வாய்க்குச் சற்று மேலே கலிப்பரில் அளந்தால் சதை பிரிக்கும் கத்தி 0.2–0.3 மி.மீ., பொதுக்கத்தி 0.5, எலும்புக்கத்தி 0.8–1 இருக்கலாம். மிஞ்சினால் 400 கல்லில் (எண் குறைந்தால் கல் கரடு) கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, 5 பாகையில், கன்னத்தைக் கரையுங்கள். அலுப்பான வேலை, வேறு வழியில்லை. எலும்புக்கத்திக்குக் கன்னம் வெளியே புடைத்திருப்பது நல்லது. உட்குழித்த சாணை அதற்கு ஆகாது.

பிறகு 1000 கல்லில் கூர் வையுங்கள். 40 மி.மீ. அகலக் கத்தியில் முதுகை 10 மி.மீ. தூக்கினால் 15 பாகை, சதைக்கு. 14 மி.மீ. என்றால் 20, பொதுவேலைக்கு. எலும்புக்கு 17 மி.மீ., அதாவது 25. ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் பிசிர் (தீட்டும்போது வாயில் மடிந்தெழும் மெல்லிய இரும்பு விளிம்பு) எழுந்தபின்தான் மறுபக்கம். பிசிரைக் கழற்றாமல் விட்டால் முதல் மீனிலேயே அது மடிந்து, கத்தி மொட்டை போலத் தோன்றும்.

கிரைண்டரில் வாய் நீலமானால் அந்த இடம் 300 பாகை செல்சியஸைத் தொட்டு, பதம் போய்விட்டது. நீலம் தீரும்வரை கல்லில் தேய்த்தெடுக்க வேண்டும். கிரைண்டரில் பிடிக்கும்போது இரண்டு இழுப்புக்கு ஒருமுறை கத்தியைத் தண்ணீரில் தோய்த்தெடுங்கள்.

செதிலை வாயால் சுரண்டாதீர்கள், இடையில் மணல் இருக்கும், முதுகால் சுரண்டுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வில்லுத் தகட்டுக் கத்தி என்றால் தேங்காயெண்ணெய் ஒரு பூச்சு.