டூயல்ஷாக் 4 ஸ்டிக் தானாக நகர்ந்தால்: ஆல்ப்ஸ் மாட்யூலை மாற்றும் முறை

விரலை எடுத்த பிறகும் திரையில் ஆள் இடது பக்கம் நடந்துகொண்டே இருக்கிறானா? பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரைத் தூக்கிப் போட வேண்டாம். கெட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒரே ஒரு பாகம்தான்.

அந்தப் பாகம் சோனியின் சொந்தத் தயாரிப்பு இல்லை. 1948-இல் கட்டாவோகா எலக்ட்ரிக் என்று தொடங்கி, 1964-இல் ஆல்ப்ஸ் எலக்ட்ரிக் ஆகி, 2019-இல் ஆல்பைனோடு இணைந்து ஆல்ப்ஸ் ஆல்பைன் ஆன ஜப்பானிய நிறுவனத்தின் ஸ்டிக் மாட்யூல் அது. டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் ஒன், சுவிட்ச் ப்ரோ என்று போட்டிக் கம்பெனிகளின் கன்ட்ரோலர்களுக்குள்ளும் இவர்கள் மாட்யூல்தான் இருக்கிறது. ஒன்றில் பழகிய கை மற்றதற்கும் உதவும்.

மாட்யூலின் இரண்டு பக்கத்தில், நகர்வுக்கேற்ப மின்தடை மாறும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் (சுருக்கமாகப் பொட்டு): ஒன்று இட வலத்துக்கு, ஒன்று மேல் கீழுக்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் லாட வடிவில் ஒரு கார்பன் பாதை, அதன் மேல் உரசி நகரும் மெல்லிய உலோக விரல்கள். பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரக்குமே, அதே கோளாறுதான் இங்கேயும். கார்பன் தேயும், தேய்ந்த தூள் விரலுக்கடியில் சேரும், நடு நிலையில் வர வேண்டிய மின்னழுத்தம் தள்ளிப் போகும். இந்த வகையில் ஒரு மாடலுக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 20 லட்சம் அசைவு, அழுத்தும் பட்டனுக்கு 5 லட்சம். தினமும் சுடும் ஆட்டம் ஆடுகிற வீட்டில் அது பெரிய எண் இல்லை. கடலூர் தேவனாம்பட்டினம், புதுச்சேரி குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய தெருக்களில் உப்புக் காற்றும் சேர்ந்து உலோக விரலையும் ஸ்பிரிங்கையும் அரிக்கும். ஆடி முடித்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் கட்டாயமாக.

திறப்பதற்கு முன் கோளாறை உறுதி செய்யுங்கள். கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் செருகி, பிரவுசரில் ஏதாவதொரு கேம்பேட் டெஸ்டரைத் திறந்தால் ஒவ்வொரு அச்சின் எண்ணும் தெரியும். கை படாதபோது 0.05-க்குள் நின்றால் கவலை இல்லை. 0.15, 0.2 என்று நின்றாலோ, மெதுவாக நகர்த்தும்போது எண் தாவினாலோ பாதை தேய்ந்துவிட்டது. பின்பக்க ஓட்டையில் பின்னைக் குத்தி ரீசெட் செய்வது ப்ளூடூத் இணைப்பை மட்டும்தான் அழிக்கும், டிரிஃப்டுக்கு, அதாவது ஸ்டிக் தானாக நகர்வதற்கு, மருந்தில்லை. எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பது அதைவிட மோசம். இரண்டு நாள் சரியானது போலத் தெரியும், பிறகு எண்ணெயில் தூசி ஒட்டிக் கூழாகிவிடும்.

தேவையானவை: 00 அளவு பிளஸ் ஸ்க்ரூ டிரைவர், பழைய ஏடிஎம் கார்டு, வெப்பம் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த சால்டர்), பிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை), ஈயம் உறிஞ்சும் பம்ப், விக் (ஈயத்தை உறிஞ்சும் செப்புப் பின்னல்), கூர்மையான கட்டர், 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், மல்டிமீட்டர், புது மாட்யூல். புதுச்சேரியிலோ கடலூரிலோ கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் தேடுங்கள். வாங்கிய மாட்யூலைச் சால்டர் செய்வதற்கு முன்பே அளந்து பாருங்கள். ஒரு பொட்டின் ஓரக் கால்கள் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 10 கிலோ ஓம் காட்ட வேண்டும், 7 முதல் 13 வரை இருக்கலாம். நடுக் காலிலிருந்து ஒவ்வொரு ஓரத்துக்கும் அதில் ஏறக்குறைய பாதி. ஸ்டிக்கை மெல்லச் சாய்க்கும்போது அளவு தாவாமல் ஏறி இறங்கினால் நல்ல சரக்கு.

பின்பக்கம் 4 ஸ்க்ரூ. கழற்றிவிட்டு கைப்பிடிப் பக்கத்திலிருந்து கார்டை நுழைத்து நெம்புங்கள். இரு பாதிகளையும் ஒரு ரிப்பன் இணைக்கிறது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். எல்2, ஆர்2 பட்டன்களின் ஸ்பிரிங்குகள் இங்கேதான் தெறித்து ஓடும், ஒரு தட்டுக்கு மேல் வைத்துத் திறங்கள். முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். பேட்டரி உப்பியிருந்தால் திரும்பப் போடவே கூடாது. டச்பேட் ரிப்பனைக் கழற்றி, போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை எடுத்தால் போர்டு வெளியே வரும். அதிர்வு மோட்டார்களின் கம்பிகள் போர்டில் சால்டர் ஆனவை, அவற்றை முறிக்காமல் பக்கத்தில் சாய்த்துக்கொள்ளுங்கள்.

இனிதான் கஷ்டமான இடம். ஒரு மாட்யூலுக்கு 14 கால்: பொட்டுகளுக்கு மூன்று மூன்றாக 6, அழுத்தும் பட்டனுக்கு 4, உலோகச் சட்டத்துக்கு 4. பதினான்கையும் ஒன்றாக உருக்கி முழுசாகப் பிடுங்கப் போய்த்தான் பலர் போர்டைக் கெடுக்கிறார்கள். ஒரு கால் உருகாமல் இருக்கும்போதே இழுத்தால் ஓட்டைக்குள் இருக்கும் செப்புக் குழாய் காலோடு பிய்ந்து வந்துவிடும். பழைய மாட்யூல் குப்பைக்குத்தான் போகப்போகிறது, அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். பொட்டுகளைக் கிளிப்பிலிருந்து நெம்பி, சட்டத்தைக் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். மிச்சம் நிற்கும் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கிச் சிமிட்டாவால் (ட்வீசர்) உருவலாம்.

கம்பெனி வைத்தது ஈயமில்லாத சால்டர், அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 63/37 ஈயமோ 183-லேயே உருகும். அதனால் ஒவ்வொரு காலிலும் பிளக்ஸ் தொட்டு, கொஞ்சம் புது ஈயம் ஏற்றிக் கலக்கவிட்டு, அதன் பிறகு உறிஞ்சுங்கள். அயர்ன் 350 டிகிரி போதும். சட்டத்தின் கால்கள் அகலமான செப்புத் தளத்தோடு சேர்ந்திருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும், அங்கே மட்டும் 380 வைத்து மூன்று நான்கு விநாடி. ஓட்டைக்குள் வெளிச்சம் தெரியும்வரை சுத்தம் செய்யாமல் புது மாட்யூலைத் திணிக்காதீர்கள்.

புது மாட்யூலை உட்கார வைத்து, முதலில் சட்டத்தின் ஒரு காலுக்கு மட்டும் ஈயம். விரலால் மாட்யூலை அழுத்திக்கொண்டே அந்தக் காலை மறுபடி உருக்கினால் அது போர்டோடு ஒட்டி உட்காரும். ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தாலும் ஸ்டிக் வளையத்தில் உரசும், அதனால் நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்துவிட்டு எதிர் மூலை, பிறகு மற்ற கால்கள். துடைக்கும்போது ஆல்கஹாலை ஊற்றாமல் பிரஷில் தொட்டு, சால்டர் பக்கத்தைக் கீழே பார்க்கப் பிடித்துத் தேயுங்கள். கரைந்த பிளக்ஸ் பொட்டுக்குள் இறங்கினால் புதுசும் அன்றே டிரிஃப்ட் ஆகும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

மூடியதும் சோதித்தால் பலருக்கு நெஞ்சு திக்கென்று ஆகும்: புது ஸ்டிக்கும் நடுவில் நிற்காது! பழைய மாட்யூலின் நடு அளவு கன்ட்ரோலரின் நினைவகத்தில் பதிந்திருப்பதுதான் காரணம். அதைத் திருத்திப் பதிவதற்குப் பெயர் கேலிப்ரேஷன். குரோம் பிரவுசரில் டூயல்ஷாக் கேலிப்ரேஷன் ஜியுஐ என்ற இலவசக் கருவியைத் திறந்து, டேட்டா போகும் யூஎஸ்பி கேபிளில் செருகி, முதலில் நடுவையும் பிறகு முழு வட்டத்தின் எல்லையையும் பதியுங்கள். முதலில் தற்காலிகமாகப் பதிந்து ஆடிப் பாருங்கள், திருப்தியானால் நிரந்தரமாக. போலி கன்ட்ரோலரை இந்தக் கருவி ஏற்காது. அசல் போர்டில் ஜேடிஎம் என்று தொடங்கும் எண் அச்சிட்டிருக்கும், வேலையைத் தொடங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேய்மானமே வேண்டாம் என்றால் காந்தத்தை உணரும் ஹால் மாட்யூல் போடலாம். 1998-இல் வந்த ட்ரீம்காஸ்ட் என்ற கேம் கன்சோலின் கன்ட்ரோலரிலேயே சேகா நிறுவனம் இந்த முறையைப் பயன்படுத்தியது. கால்கள் அதே இடத்தில் வரும், சால்டர் வேலையும் அதேதான், ஆனால் கேலிப்ரேஷன் இல்லாமல் பயனில்லை.