வெள்ளை பெயிண்டை மஞ்சளாக்கிய பலா முக்காலி

பக்கத்து வீட்டில் தூக்கிப் போட்ட பழைய முக்காலி ஒன்றை எடுத்து வந்து, வெள்ளை அடித்து, மேலே கோலம் வரையலாம் என்று ஆரம்பித்தேன். தேய்த்து, பிரைமர் போட்டு, தண்ணீரில் கரையும் பெயிண்டை இரண்டு கோட் அடித்தேன். மறுநாள் காலையில் வெள்ளையில் மஞ்சள் திட்டுகள், டீ சிந்தியதுபோல.

மூன்றாவது கோட் அடித்தேன், திரும்ப வந்தது. ஈரம் இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். இரண்டு நாள் வெயிலில் காய வைத்தும் அப்படியே. சோப்புத் தண்ணீரால் கழுவியது பெரிய தப்பு, திட்டு இன்னும் பரவியது.

அப்புறம்தான் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பெயிண்ட் படாத இடத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்தினால் துணியில் மஞ்சள் ஏறியது. பலா மரம்! பிக்குகளின் காவித் துணிக்குச் சாயம் எடுக்கும் மரமாயிற்றே. பெயிண்டில் இருந்த தண்ணீரே சாயத்தை மேலே இழுத்திருக்கிறது.

எல்லாவற்றையும் சுரண்டினேன். சாயம் மேலே வராமல் அடைக்க, தண்ணீர் சேராத அரக்குப் பூச்சு (ஷெல்லாக்) போட முடிவு செய்தேன். 100 கிராம் அரக்குச் செதிலை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் (மர பாலிஷுக்கு வாங்கும் ஆல்கஹால்) இரவு முழுக்க ஊற வைத்தேன். அடியில் மெழுகு மங்கலாகப் படியும். அதைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. முதல் கோட் அரக்கே மஞ்சளாகத்தான் தெரிந்தது, பயந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட். காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெள்ளை அடித்தேன்.

மூன்று வாரம் ஆகிறது, திட்டு இல்லை. கோலம்தான் கொஞ்சம் கோணல்.