உப்புத் தின்ற அலுமினியத்துக்குத் தூள் அடிக்கும் முறை

திருகோணமலையின் கொட்பேத் துறையிலிருந்து வந்த படகுக்கார ஐயா, எஞ்சினின் வோட்டர் பம்ப் கவரைப் பழைய சாரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "தம்பி, இதுக்கு ஒரு வெல்டிங் அடிச்சுத் தாங்கோ. புதுசு வாங்க இப்ப ஏலாது." விரலால் தடவிப் பார்த்தேன். தண்ணீர் கசியாமல் இடையில் வைக்கும் கஸ்கட் உட்காரும் முகத்தில் மூன்று குழிகள். ஒன்றின் அடியில் ஊசித்துளை.

வெல்டிங் வேண்டாம் என்றேன். மெல்லிய வார்ப்பு, சூட்டில் கோணிவிடும். குழிக்குள் ஊறிய உப்பும் அழுக்கும் சேர்ந்து வெல்டிங் ஒட்டைப் பஞ்சுபோல ஆக்கிவிடும். இந்த வேலைக்கு கோல்ட் ஸ்பிரேதான் (cold spray, உலோகத் தூளை உருக்காமல் அடித்துப் பூசும் முறை) சரி. அமுக்கிய காற்றைச் சூடாக்கி, நடுவில் ஒடுங்கி முனைப்பக்கம் விரியும் நொசிலுக்குள்ளால் விட்டால் அது ஒலியை மிஞ்சிய வேகம் எடுக்கும். அதில் கலந்து போகும் தூள் உருகாது. செக்கனுக்குச் சில நூறு மீற்றர் வேகத்தில் மோதி, நசிந்து, அப்படியே பிடித்துக்கொள்ளும். வேகம் போதாவிட்டால் அதே தூள் பிடிக்காமல் முகத்தை அரித்துவிடும். 1980களில் ரஷ்யாவின் நொவோசிபிர்ஸ்க்கில் காற்றுச் சுரங்கச் சோதனையில் இருந்த விஞ்ஞானி பாப்பிரினின் குழுவினர் கவனித்தது இந்த வித்தியாசத்தைத்தான்.

தூளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் அடிப்பது அலுமினியத் தூளும் அலுமினாத் தூளும் கலந்தது. அலுமினா பீங்கான் வகை, நசியாது, ஆகவே தனியே அடித்தால் தடிப்பாக வளராது. பாதிக்குப் பாதி கலந்தாலும் பெரும்பகுதி தெறித்துப் போய்விடும், பூச்சில் தங்குவது கொஞ்சம்தான். "தெறிக்கிற சாமானுக்கு ஏன் காசு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தெறிப்புத்தான் வேலையே. ஒவ்வொரு அலுமினா மணியும் சின்னச் சுத்தியல்போல முன்னே விழுந்த அலுமினியத்தைத் தட்டி இறுக்குகிறது, மேலே இருக்கும் ஒக்சைட்டுத் தோலை உடைக்கிறது, நொசிலின் உட்சுவரில் ஒட்டும் அலுமினியத்தைச் சுரண்டிக்கொண்டே போகிறது. வெறும் அலுமினியத்தை அடித்தால் நொசில் சீக்கிரம் அடைத்துவிடும்.

இனி வேலை. கவரை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். உப்பு வெளியேறாமல் மேலே என்ன பூசினாலும் அடியிலிருந்து அரிக்கும். காயவைத்து, அசெற்றோனால் எண்ணெயைத் துடைத்து, குழியைக் குடைந்து திறவுங்கள். செங்குத்தான சுவர் வேண்டாம், சோற்றுக் கோப்பையின் உள்வளைவுபோல் சரிவாக வரட்டும். தூள் நேராக மோதினால்தான் பிடிக்கும், சாய்ந்து மோதினால் வழுக்கிப் போகும். ஊசித்துளைக்குள் ஒரு அலுமினியக் கம்பித் துண்டை அடித்து அடையுங்கள்.

அப்புறம் அலுமினா மணலால் பிளாஸ்ட் அடித்து முகத்தை மங்கல் வெள்ளையாக்குங்கள். அதன்பின் வெறுங்கை படக்கூடாது. அன்றைக்கே, முடிந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள், தூள் அடித்துவிடுங்கள். ஒரு மார்கழியில் பின்னேரம் பிளாஸ்ட் அடித்துவிட்டு, காலையில் பூச்சுப் போட்டேன். இரவு முழுக்க வாடைக்காற்று கடல் ஈரத்தோடு வீசியிருந்தது. பூச்சை அரத்தால் தொட்டதும் முழுத் துண்டாக உரிந்து வந்தது. உரிந்த துண்டின் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. எங்குமே பிடித்திருக்கவில்லை.

திருகோணமலையில் கச்சான் என்ற காய்ந்த தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்தத் தொல்லை குறைவு. வாடைக்காலத்தில் கொம்பிரசர் டாங்கியின் தண்ணீரை வேலைக்கு முன் திறந்து விடுங்கள், காற்றை உலர்த்தும் ட்ரையர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். நொசில் முனையில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்து, சூடாக்காத காற்றை ஒரு நிமிடம் விடுங்கள். பனி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தூளையும் உலர வைத்துத்தான் போட வேண்டும்.

காற்றின் அமுக்கம் 6 பார் (bar) அளவில் இருக்கட்டும். நொசிலை முகத்துக்கு நேராக, 10 முதல் 15 மில்லிமீற்றர் தள்ளிப் பிடியுங்கள். கை ஒரே சீராக ஓட வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் மேடு கட்டும். ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் பாதியை மூடட்டும். குழி நிரம்பியதும் நிறுத்தாமல், விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீற்றர் உயரும்வரை அடியுங்கள்.

காதடைப்பானும் நல்ல வடிகட்டி முகமூடியும் கட்டாயம். மிதக்கும் அலுமினியத் தூசு ஒரு பொறியில் வெடிக்கும். தூசு உறிஞ்சியை ஏர்த் பண்ணுங்கள், அருகில் கிரைண்டர் ஓட்ட வேண்டாம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, உலர்ந்த மணலை மெதுவாகப் போட்டு மூடுங்கள்.

ஆறியதும் அரத்தால் இறக்கி, தடித்த கண்ணாடியில் எமரித் தாளை விரித்து முகத்தைத் தேய்த்து மட்டமாக்குங்கள். பாரம் தாங்கும் பிராக்கெட்டுக்கோ விரிசல் விட்ட துண்டுக்கோ இதை நான் செய்வதில்லை. பூச்சு இடத்தை நிரப்பும், உடைந்த பலத்தைத் திருப்பித் தராது.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, ஊசித்துளை இருந்த இடத்தின் வெளிப்பக்கம் வெண்கட்டியைத் தடித்துப் பூசி, உட்பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு வையுங்கள். ஐயாவின் கவரைக் காலையில் திருப்பிப் பார்த்தோம். வெண்கட்டி காய்ந்தபடியே இருந்தது. அதே சாரத்துணியில் சுற்றிக் கொண்டுபோனார்.