இரண்டு லேசான டெஸ்க்டாப் திட்டங்களை ஒன்றாக்குவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பழைய கணினியிலும் திணறாமல் ஓட வேண்டும் என்று ஒரு பேனல் (திரை ஓரத்தில் வரும் பட்டை), ஒரு ஃபைல் மேனேஜர், ஒரு செட்டிங்ஸ் ஜன்னல் என்று ஒரு லேசான டெஸ்க்டாப்பை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஆட்கள் மூன்று பேரோ நான்கு பேரோதான், எல்லாருமே வேலை முடிந்து ராத்திரியில் வந்து உட்காருபவர்கள். இன்னொரு குழு அதையே வேறு பெயரில் செய்துகொண்டிருக்கிறது. சேர்ந்துவிடலாமே என்று தோன்றும், நல்ல யோசனைதான். நிரல்வரிகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் இரண்டு ரெப்போவை (நிரல்வரிகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) இணைப்பது ஒரு நாள் வேலை. யாருடைய பேனலை வைத்துக்கொள்வது, யாருடையதைக் கைவிடுவது என்ற பேச்சுதான் மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் இந்தப் பதிவிலும் அதற்குத்தான் அதிக இடம்.

உதாரணமாக, எல்எக்ஸ்டிஇ, ரேசர்-க்யூடி என்ற இரண்டு திட்டங்கள் சேர்ந்து உருவான எல்எக்ஸ்க்யூடியை எடுத்துக்கொள்கிறேன். எல்எக்ஸ்டிஇ என்ற டெஸ்க்டாப்பை தைவானின் ஹோங் ஜென் யீ 2006-ல் தொடங்கினார், அது ஜிடிகே 2 என்ற டூல்கிட்டை (ஜன்னல், பட்டன் போன்றவற்றை வரையும் லைப்ரரி) நம்பி எழுதப்பட்டது. ரேசர்-க்யூடியும் லேசான டெஸ்க்டாப்தான், ஆனால் க்யூடி என்ற வேறு டூல்கிட்டில் எழுதியது. ஜிடிகே 3 பக்கம் போக ஹோங்குக்கு மனம் ஒப்பவில்லை, 2013-ல் தன் ஃபைல் மேனேஜரான பிசிமேன்எஃப்எம்மை க்யூடியில் எழுதிப் பார்த்தார். அதே வருடம் ஜூலையில் இரண்டு குழுக்களும் சேர்வதாக அறிவித்தன, 2014 மே மாதம் எல்எக்ஸ்க்யூடியின் முதல் பதிப்பான 0.7.0 வந்தது.

முதல் படி: சேரத் தகுந்தவையா என்று பாருங்கள்

இரண்டும் ஒரே டூல்கிட்டில் இருக்கின்றனவா, இல்லை ஒருவர் மாறத் தயாரா? இதற்குப் பதில் இல்லாமல் மேலே போகாதீர்கள். பேனல் க்யூடியிலும் ஃபைல் மேனேஜர் ஜிடிகேயிலும் இருந்தால் இரண்டு லைப்ரரிகளும் நினைவகத்தில் ஏறும், எதற்காக இந்த டெஸ்க்டாப்பை எழுத ஆரம்பித்தீர்களோ அதுவே போய்விடும்.

அளந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஆனால் ஒரு நிரல் பிடிக்கும் நினைவகம் என்று சாதாரணமாகக் காட்டப்படும் ஆர்எஸ்எஸ் எண்ணை வைத்து ஒப்பிட வேண்டாம், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரியை அது ஒவ்வொரு நிரலின் கணக்கிலும் முழுசாகச் சேர்த்துவிடும். பிஎஸ்எஸ் எண் அந்தப் பகிர்வைப் பிரித்துக் கணக்கிடும், எஸ்மெம் என்ற சின்னக் கருவி அதைக் காட்டும். லாகின் ஆனதும் எதையும் திறக்காமல் ஒரு தடவை, ஃபைல் மேனேஜரும் டெர்மினலும் திறந்தபின் ஒரு தடவை, ஒரே கணினியில் இரண்டு டெஸ்க்டாப்பையும் அளந்து எழுதி வையுங்கள். பின்னால் வாக்குவாதம் வரும்போது இந்தத் தாள் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: ஒரு வேலைக்கு ஒரு நிரல்

ஒரு அட்டவணை போடுங்கள். பேனல், செஷன் (லாகின் ஆனதும் மற்றவற்றைத் தொடங்கி நடத்தும் நிரல்), ஃபைல் மேனேஜர், படம் பார்க்கும் நிரல், அறிவிப்பு, டெர்மினல் என்று இடது பக்கம் எழுதி, எதிரே இரண்டு குழுவிலும் அதற்கு என்ன இருக்கிறது, யார் பராமரிக்கிறார், கடைசி கமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) எப்போது என்று நிரப்புங்கள். எல்எக்ஸ்க்யூடியில் பேனலும் செஷனும் ரேசர் பக்கத்திலிருந்து வந்தன, ஃபைல் மேனேஜர் எல்எக்ஸ்டிஇ பக்கத்திலிருந்து வந்தது. எதை எடுப்பது என்று தடுமாறினால் அடுத்த இரண்டு வருடம் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற நிரலை எடுங்கள். அழகாக எழுதப்பட்டு ஆளில்லாமல் கிடக்கும் நிரலைவிட, சுமாராக இருந்தாலும் தினம் ஒருவர் தொட்டுக்கொண்டிருக்கும் நிரல் மேல்.

யார் மனமும் நோகக் கூடாது என்று இரண்டு பேனலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இருக்கிற நான்கு பேர் இரண்டாகப் பிரிந்து இரண்டையும் திருத்திக்கொண்டிருந்தால் சேர்ந்ததற்கே பலனில்லை.

சரி, யாருடைய நிரல் விடப்படுகிறதோ அவரிடம் பொது அறிவிப்புக்கு முன்னால் பேசுங்கள், முடிந்தால் குரலில். நான் கூட இருந்த ஒரு சின்ன இணைப்பில் இதைச் செய்யத் தவறினோம். மூன்று வருடம் அறிவிப்பு நிரலைப் பராமரித்தவருக்கு, அது கைவிடப்படுகிறது என்பதே அறிவிப்பைப் படித்துத்தான் தெரிந்தது. அவர் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவுமில்லை, மெல்ல வருவதை நிறுத்திவிட்டார், நாங்கள் அவரை இழந்ததை அந்த நிரலை இழந்ததைவிடப் பெரிய நஷ்டமாக இன்றும் நினைக்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: அவருடைய நிரலில் இருக்கும், ஆனால் வைத்துக்கொள்ளும் நிரலில் இல்லாத வசதிகளை அவரையே பட்டியலிடச் சொல்லுங்கள், அதில் இரண்டு மூன்றையாவது முதல் பதிப்புக்குள் கொண்டுவர ஒப்புக்கொள்ளுங்கள், வைத்துக்கொள்ளும் நிரலின் ரெப்போவில் அவருக்குக் கமிட் உரிமையை அன்றைக்கே கொடுங்கள்.

மூன்றாம் படி: லைசென்ஸ்

ஒரு பக்கம் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் லைசென்ஸின் 2-ஆம் பதிப்பு மட்டும், மறுபக்கம் ஜிபிஎல் 3 என்றிருந்தால் அந்த நிரல்வரிகளை ஒரே நிரலில் கலக்க முடியாது. 'பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது' என்று எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் பாருங்கள், முகப்பில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். லைசென்ஸை மாற்ற வேண்டுமென்றால் அந்த வரிகளை எழுதிய எல்லாருடைய சம்மதமும் வேண்டும், பல வருடம் முன்பு வந்து போனவர்களையும் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: ரெப்போ

பேனல், ஃபைல் மேனேஜர் தனித்தனி ரெப்போவாக இருந்தால் அப்படியே புதிய பொதுக் கணக்குக்கு நகர்த்துங்கள், போதும். இரண்டை ஒன்றாக்கியே ஆக வேண்டும் என்றால் கோப்புகளை நகலெடுத்து ஒட்டிவிடாதீர்கள், எழுதியவர்கள் பெயரெல்லாம் போய்விடும். ஃபில்டர்-ரெப்போ கருவியால் ஒன்றின் முழு வரலாற்றையும் ஒரு துணை ஃபோல்டருக்குள் தள்ளி, மற்றதில் ரிமோட்டாக (வெளி ரெப்போவாக) சேர்த்து, பிறகு மெர்ஜ் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். தொடர்பில்லாத வரலாறு என்று கிட் மறுக்கும். 2016-ல் வந்த கிட் 2.9 பதிப்பிலிருந்து அப்படித்தான், அதை அனுமதிக்கத் தனி ஆப்ஷன் உண்டு. ஃபில்டர்-ரெப்போ எல்லா கமிட் அடையாளங்களையும் மாற்றிவிடும், அதனால் புதிதாக எடுத்த நகலில் மட்டும் ஓட்டுங்கள்.

ஐந்தாம் படி: செட்டிங்ஸ், மொழிபெயர்ப்பு

டெஸ்க்டாப்பின் பெயர் மாறினால் பயனரின் செட்டிங்ஸ் இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரும் மாறும். புதிய பதிப்பு முதல் தடவை திறக்கும்போது பழைய ஃபோல்டரைத் தேடி, நகர்த்தாமல் நகலெடுக்கட்டும், பிடிக்காதவர் பழையதற்குத் திரும்பலாம்.

க்யூடியில் மொழிபெயர்ப்புகள் டிஎஸ் கோப்புகளில், நிரல்வரியிலுள்ள கிளாஸின் பெயரோடு சேர்த்துத்தான் சேமிக்கப்படுகின்றன. பேனல் கிளாஸின் பெயரை மாற்றிவிட்டு டிஎஸ் கோப்புகளைத் தொடாமல் விட்டால், யாரோ பொறுமையாக உட்கார்ந்து மொழிபெயர்த்த வரிகள் எல்லாம் திரையில் ஆங்கிலமாகத் தெரியும். அந்தக் கோப்புகளிலும் அதே பெயரைத் தேடி மாற்றுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.

ஆறாம் படி: முதல் பதிப்பும் பழைய வீடும்

முதல் பதிப்பில் புது வசதி வேண்டாம், இரண்டு பக்கப் பயனர்களுக்கும் இருந்தது இருந்தபடி ஓடினாலே பெரிய காரியம். டிஸ்ட்ரோக்களில் (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளில்) பேக்கேஜ் செய்பவர்களுக்கு முன்கூட்டியே எழுதுங்கள், எந்தப் புது பேக்கேஜ் எந்தப் பழையதற்குப் பதில் என்ற பட்டியலோடு. அவர்கள் உடனே மாறாவிட்டால் வருந்த வேண்டாம். உபுண்டுவின் லேசான வடிவமான லுபுண்டு எல்எக்ஸ்க்யூடிக்கு மாறியது 18.10 பதிப்பில், அதாவது 2018 அக்டோபரில், எல்எக்ஸ்க்யூடியின் முதல் பதிப்பு வந்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அதுவரை பழைய ரெப்போவில் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஏற்றுக்கொண்டிருங்கள். அப்புறம் திறந்திருக்கும் இஷ்யூக்களை (பயனர்கள் பதிந்த குறைகளை) ஒரே அடியாக மூடாமல் இன்னும் பொருந்துபவற்றைப் புது இடத்துக்கு மாற்றிவிட்டு, ரீட்மீயின் முதல் வரியில் புது முகவரியை எழுதி, ரெப்போவை ஆர்கைவ் செய்யுங்கள், அதாவது படிக்க மட்டும் முடியும்படி வையுங்கள். பழைய தள முகவரியின் கட்டணத்தை மட்டும் தொடர்ந்து கட்டுங்கள். காலாவதியானால் வேறு யாரோ வாங்கி, உங்கள் பெயரில் எதையாவது டவுன்லோடுக்கு வைத்துவிடுவார்கள்.